சரித்திர சேரும் கோல்ன் வலி எம்.பி.யும்

எங்கள் சரித்திர சேருக்கு, நூறு வருசத்துக்கு முந்திய பிரிட்டிஷ் சோசலிஸ்ட் எம்.பி. விக்டர் கிரேசன் என்றால் ஆகாது. ஏ.எல். வகுப்பில் கிளாட்ஸ்டன், லொயிட் ஜோர்ஜ் என்று பிரிட்டிஷ் பிரதமர்கள் எல்லாரையும் நிதானமாகப் படிப்பித்துக்கொண்டு போவார், கிரேசன் பெயர் வந்ததும் குரல் ஏறிவிடும். இத்தனைக்கும் அந்த ஆள் பாடத்திட்டத்திலேயே இல்லை! விவாதக் கழகத்தில் மேசையில் குத்திப் பேசுகிற எங்களுக்காகத்தான் அந்தக் கதையை வைத்திருந்தார் என்பது என் ஊகம்.

வேலைக்காக வட இங்கிலாந்தின் ஹடர்ஸ்பீல்ட் பக்கம் வந்த பிறகு பார்த்தால், கிரேசனுடைய கோல்ன் வலி தொகுதி பக்கத்திலேயே இருக்கிறது. கம்பளி ஆலைகள் நிறைந்திருந்த பள்ளத்தாக்கு. அங்கிருந்த லிபரல் எம்.பி. பிரபுவாகி மேல்சபைக்குப் போய்விட, 1907 ஜூலையில் இடைத்தேர்தல். பாதிரியாருக்குப் படிக்கத் தொடங்கி அதை விட்டுவிட்ட 25 வயது லிவர்பூல் பெடியனை உள்ளூர் சோசலிஸ்டுகள் நிறுத்தினார்கள். தொழிற்கட்சித் தலைமை ஆதரவு தரவில்லை. தங்களுக்கே வாக்கு இல்லாத பெண்கள், வாக்குரிமை கேட்டுப் போராடியவர்கள், அவருக்காக ஓடித்திரிந்தார்கள். கிரேசன் 3,648, லிபரல் 3,495, கன்சர்வேட்டிவ் 3,227. 153 வாக்கில் வெற்றி.

அப்புறம்தான் சேருக்குக் கோபம் வரும் பகுதி. 1908 ஒக்டோபர், நாடெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம், சபையிலோ மதுக்கடை உரிம மசோதா பற்றி விவாதம். கிரேசன் எழுந்து, இதை நிறுத்திவிட்டுப் பட்டினி கிடப்பவர்களைப் பற்றிப் பேசுங்கள் என்று கத்தினார், மறுநாளும் விடவில்லை. சபை இடைநிறுத்தியது. வெளியேறும்போது தொழிற்கட்சிக்காரரைப் பார்த்துச் சொந்த வர்க்கத்துக்கே துரோகிகள் என்று வேறு திட்டிவிட்டுப் போனார். 1910 ஜனவரித் தேர்தலில் மூன்றாம் இடம், அதோடு நாடாளுமன்ற வாழ்க்கை முடிந்தது. பிறகு குடி, கடன், முதலாம் உலகப் போரில் நியூசிலாந்துப் படையில் சேர்ந்து பெல்ஜியத்தின் பாஷண்டேல் போர்க்களத்தில் காயம், 1920இல் லண்டனில் ஆளையே காணோம். என்ன ஆனார் என்று இன்றுவரை தெரியாது.

“சத்தம் போட்டவன், குழுவில் இருந்து வேலை செய்யத் தெரியாதவன்” என்பதுதான் சேரின் தீர்ப்பு. எனக்கு அது அப்போதே உடன்பாடில்லை, ஆனால் அவர் முன்னால் அதைச் சொல்ல யாருக்குத் துணிவு? சரி, இப்போதாவது சொல்கிறேன். ஒழுங்கு முறை என்று கட்டிக்காத்து விவாதித்த அந்த மதுக்கடை மசோதாவை அடுத்த மாதமே பிரபுக்கள் சபை தூக்கி எறிந்துவிட்டது. சேர் இருந்திருந்தால் இதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார், அதையும் சத்தமாகத்தான் சொல்லியிருப்பார்.