கைவிட்டால் பிரேக் எங்கே போகும்? பாராமோட்டர் தேர்வில் நான் தடுமாறிய கேள்வி

புளோரிடாவின் நடுப்பகுதியில், லேக் வேல்ஸ் அருகே ஒரு புல்வெளியில்தான் நான் பாராமோட்டர் கற்றேன். முதுகில் எஞ்சினும் ப்ரொப்பல்லரும் கட்டிக்கொண்டு, தலைக்கு மேல் துணிச் சிறகோடு பறப்பதுதான் அது. அமெரிக்காவில் இதற்கு அரசு உரிமம் கிடையாது. 1982-இல் வந்த பார்ட் 103 என்ற விமான விதியின்படி, எரிபொருள் நீங்கலாக 254 பவுண்டுக்குக் குறைந்த எடை, 5 காலனுக்கு மிகாத டேங்க், ஒருவர் மட்டுமே பறப்பது முதலான வரம்புகளுக்குள் இருந்தால் பைலட் லைசென்ஸே வேண்டாம். அதனால் யூஎஸ்பிபிஏ என்ற அமெரிக்கப் பாராமோட்டர் சங்கத்தின் பிபிஜி (பாராமோட்டர் பைலட்) தரநிலைகளுக்காகப் பயிற்றுநர் வைக்கும் தேர்வை நான் வெறும் சடங்காகத்தான் முதலில் நினைத்தேன். அந்த நினைப்பு தப்பு. அரசாங்கம் கேட்காத கேள்வியை அந்த ஒரு மனிதர்தான் நம்மிடம் கேட்கிறார்.

எழுத்துத் தேர்வில் எனக்குச் சிரமமில்லை. வான்வெளி வகைகள், காற்று, வானிலை எல்லாம் உட்கார்ந்து படித்தால் வந்துவிடும். வாய்மொழித் தேர்வில்தான் மாட்டிக்கொண்டேன். மோட்டாரை முதுகில் மாட்டி, தொங்கு சட்டத்தில் என்னைத் தொங்கவிட்டு, பயிற்றுநர் கேட்டார்: "வலது பிரேக்கைக் கைவிட்டுவிட்டீர்கள். அது எங்கே போகும்?"

"மேலே ஏறி, ரைசரில் இருக்கும் கப்பியில் முட்டி நின்றுவிடும்" என்றேன். (பிரேக் என்பது சிறகைத் திருப்பவும் வேகம் குறைக்கவும் கையால் இழுப்பது. ரைசர் என்பது சிறகின் லைன்களை நாம் உட்காரும் ஹார்னஸோடு இணைக்கும் பட்டை.)

"எப்போதுமா?"

எனக்குப் பதில் வரவில்லை. அன்று அவர் கையெழுத்துப் போடவில்லை.

அந்த "எப்போதுமா"வுக்குள்தான் விஷயமே இருக்கிறது. பிரேக் லைன் சிறகின் பின்விளிம்பிலிருந்து இறங்கி, பின் ரைசரின் கப்பி வழியாக வந்து, நம் கையிலிருக்கும் டாகிள் என்ற கைப்பிடியில் முடிகிறது. சிறகு நன்றாகக் காற்றேறி நிற்கும்போது பின்விளிம்பு லைனை மேலே இழுக்கிறது. அப்போது டாகிளை விட்டால் அது கப்பிக்குப் போவது உண்மைதான். ஆனால் லைனில் இழுவிசை இருக்கும்வரைதான் அப்படி. சிறகின் ஒரு பக்கம் மடங்கினாலும், கொந்தளிப்பில் ஒரு கணம் லைன்கள் தளர்ந்தாலும், புறப்படும்போது சிறகு பாதி எழுந்து விழுந்தாலும் அந்த இழுப்பு இல்லை. இழுப்பது இன்னொன்று. பாராமோட்டரில் ப்ரொப்பல்லர் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. நமக்கு முன்னாலும் பக்கவாட்டிலும் இருக்கும் காற்றை உறிஞ்சிப் பின்னால் தள்ளுகிறது. தளர்ந்து தொங்கும் எதுவும் அந்த ஓட்டத்தோடு ப்ரொப்பல்லரைச் சுற்றியுள்ள கூண்டை நோக்கித்தான் போகும்.

வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் தெளிவாகும். 125 செ.மீ. விட்டமுள்ள ப்ரொப்பல்லர் நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் முனை நொடிக்கு ஏறத்தாழ 183 மீட்டர் போகிறது, மணிக்கு 660 கி.மீ. அதில் லைன் சிக்கினால் இரண்டில் ஒன்று நடக்கும். லைன் அறுந்துபோனால் அது நல்ல முடிவு, அந்தப் பக்கம் பின் ரைசரை மெல்ல இழுத்துத் திருப்பி இறங்கிவிடலாம். அறுபடாமல் சுற்றிக்கொண்டால் சிறகின் ஒரு பக்கம் முழு பிரேக்கில் பூட்டப்படுகிறது, சிறகு அந்தப் பக்கமே சுழலத் தொடங்குகிறது.

இரண்டாம் முறை தேர்வுக்குப் போகுமுன் நான் புத்தகத்தைத் தொடவில்லை. மூன்று நாள் சட்டத்திலேயே தொங்கினேன். நீங்களும் தேர்வுக்குத் தயாராகிறீர்கள் என்றால் இதைத்தான் செய்யச் சொல்வேன். முதலில் எஞ்சின் தற்செயலாகக் கிளம்பாதபடி ஸ்பார்க் பிளக் மூடியைக் கழற்றி வைத்துவிடுங்கள், இதில் விதிவிலக்கே வேண்டாம். உங்கள் சொந்தச் சிறகின் ரைசர்களையே ஹார்னஸின் காரபைனர் கொக்கியில் மாட்டி, பறக்கும்போது உட்காரும் அதே நிலையில் தொங்குங்கள். பள்ளியின் பழைய ரைசரில் சோதித்தால் பள்ளியின் ரைசரைப் பற்றித்தான் தெரியும். பிறகு டாகிளை, ரைசரில் அதை ஒட்டிவைக்கும் காந்தத்திலிருந்து எடுத்து, நண்பர் ஒருவரைக் கூண்டுப் பக்கமாகப் பின்னால் இழுக்கச் சொல்லுங்கள். மென்மையாக வேண்டாம், கப்பியிலிருந்து லைன் எவ்வளவு வருமோ அவ்வளவும் இழுக்கட்டும். ட்ரிம்மரை (ரைசரின் நீளத்தை மாற்றி வேகத்தைச் சரிசெய்யும் பட்டை) உள்ளே வைத்து ஒரு முறை, முழுக்க வெளியே விட்டு ஒரு முறை. வலது, இடது இரண்டும். ஹார்னஸ் கொஞ்சம் திரும்பினால் என்ன ஆகிறது என்றும் பாருங்கள், ஏனென்றால் எஞ்சினின் முறுக்கம் பறக்கும்போது நம்மை ஒரு பக்கம் திருப்பும்.

எனக்கு என்ன தெரிந்தது என்றால், இடது டாகிள் கூண்டு வளையத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. வலது டாகிள் வளையத்தைத் தொட்டது. காரணம் தேடினால், ஒரு ரைசரில் கப்பி மேல்நிலையிலும் மற்றதில் கீழ்நிலையிலும் பொருத்தப்பட்டிருந்தது. பல பாராமோட்டர் சிறகுகளில் கப்பியை இரண்டு உயரங்களில் வைக்கலாம், ஹார்னஸின் தொங்குபுள்ளி உயரத்துக்கு ஏற்ப. கப்பியை மாற்றினால் லைன் முடிச்சையும் தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் இடத்துக்கு மாற்ற வேண்டும். முந்தைய உரிமையாளர் ஒரு பக்கத்தோடு விட்டிருக்கிறார். நான் பதினோரு முறை அதில் பறந்திருந்தேன், ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. இதைத் தட்டச்சு செய்யும்போதும் வயிற்றில் ஏதோ செய்கிறது.

முனைத் திருப்பு டாகிள் உள்ள சிறகு என்றால் அதையும் தனியாக இழுத்துப் பாருங்கள். அந்த லைன் சிறகின் முனையை மட்டும்தான் இழுக்கிறது, சுமை குறைவு, அதனால் மெயின் பிரேக்கைவிட எளிதாகப் பின்னால் போகும்.

வலையைப் பற்றி. கூண்டின் முன்பக்க வலை லைனையும் விரலையும் தடுக்கத்தான் இருக்கிறது. ஆனால் அது இறுக்கமாக இருந்தால்தான் தடுப்பு. ஒரு கண்ணி அறுந்திருந்தால் டாகிள் நுழைய அதுவே போதும். உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், ப்ரொப்பல்லர் பக்கம் குழிந்தால் மாற்றுங்கள். கூண்டின் பின்பக்கம் வலை கிடையாது என்பதையும் மறக்கக் கூடாது. முன்னோக்கிப் புறப்படும்போது இதுதான் சங்கடம். சிறகைப் பின்னால் விரித்திருக்கும்போது பின்விளிம்புதான் நமக்கு அருகில் இருக்கும், ஆகவே பிரேக் லைன்கள் குதிகாலுக்குப் பக்கத்தில் தளர்ந்து கிடக்கும். ஓர் அடி பின்னால் வைத்தாலே கீழ்வளையத்தில் மாட்டும். மாட்டிய லைனோடு பவர் கொடுத்தால் வலை எந்த உதவியும் செய்யாது. எங்கள் பயிற்றுநரின் விதி இது: சிறகு தலைக்கு மேல் வந்து, லைன்கள் இறுகி, நிமிர்ந்து பார்த்த பிறகே முழு பவர். சிறகு பின்னால் விழுந்தால் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச்.

வானத்தில் என்ன செய்வது என்று தேர்வில் நிச்சயம் கேட்பார்கள். ஹெல்மெட் பட்டையைச் சரிசெய்ய, போனை எடுக்க, ட்ரிம்மரைத் தொட ஒரு கை வேண்டும். அந்த நேரத்தில்தான் டாகிள் நழுவும். நான் கற்றது: திராட்டிலை (எஞ்சினுக்குப் பவர் கொடுக்கும் விசை) விட்டுவிடுவது, டாகிளைக் காந்தத்தில் ஒட்டி, ஒட்டியதா என்று கண்ணால் பார்ப்பது, அல்லது இரண்டு டாகிளையும் ஒரே கைக்கு மாற்றுவது. 'டக்' என்ற சத்தத்தை நம்பாதீர்கள், எஞ்சின் சத்தத்தில் அது கேட்காது. கிளட்ச் இல்லாத எஞ்சினில், பவர் கொடுக்காத ஐடிலிலும் ப்ரொப்பல்லர் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். தடித்த கையுறை போட்டிருந்தால் டாகிள் கையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போகும். நான் மெல்லிய கையுறைக்கு மாறிவிட்டேன். போன் எடுப்பதை முதல் ஐம்பது பறப்புகளுக்கு விட்டே விடுங்கள் என்பது என் சொந்தக் கருத்து.

சிக்கிவிட்டால் முதல் வேலை எஞ்சினை நிறுத்துவது. லைனைப் பிடித்து இழுப்பது பிறகு. எதிர்ப்பக்கம் உடலைச் சாய்த்து, எதிர் பிரேக்கை அளவாகக் கொடுத்து நேராக வைக்கப் பாருங்கள். அதிகமாக இழுத்தால் சிறகு ஸ்டால் ஆகும், அதாவது தூக்குவிசையை இழக்கும். சுழற்சி கட்டுக்குள் வராமல் வலுத்தால் ரிசர்வ் பாராசூட். கண்ணை மூடிக்கொண்டு கில் சுவிட்சையும் ரிசர்வ் கைப்பிடியையும் தொடும் பயிற்சியை ஒரு நாளைக்கு இருபது முறை செய்தேன். சட்டத்தில் தொங்கியபடி செய்தால்தான் கை அந்த இடத்தைக் கற்றுக்கொள்ளும்.

இரண்டாம் தேர்வில் அதே கேள்விதான் வந்தது. இந்த முறை நான் பதில் சொல்லவில்லை. ஸ்பார்க் பிளக் மூடியைக் கழற்றிக் காட்டிவிட்டு, கப்பியையும் முடிச்சையும் சரிசெய்திருந்த வலது டாகிளை அவர் கையில் கொடுத்து, "இழுத்துப் பாருங்கள்" என்றேன். அவர் தன் முழு எடையையும் கொடுத்து இழுத்தார். வளையத்துக்கு நான்கு விரற்கடை முன்னால் நின்றது. பிறகு கூண்டைச் சுற்றி வந்து, இடது பக்கத்தையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தார்.