சூரிய முகம் பதிந்த வெள்ளிப் பெட்டி

லண்டன் போர்ட்டோபெல்லோ சாலைச் சந்தையில் நான் வாங்கிய சிறிய வெள்ளிப் பெட்டியைப் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வேலைப்பாடு என்று சொல்லித்தான் விற்றார்கள். அடிப்பக்கத்தில் கிரீடம் சூடிய எழுத்து முத்திரைகள் இரண்டு அதற்குச் சாட்சி சொல்வதுபோல் இருந்தன. ஆனால் மூடியின் உள்விளிம்பில், நகக்கணு அளவே உள்ள இடத்தில், மங்கலாக இன்னொரு வரிசையும் இருந்தது.

வெள்ளியைப் பாலிஷ் போட்டால் தேய்ந்த முத்திரை மேலும் தேயும் என்பதால், மெழுகுவர்த்திப் புகையை அந்த விளிம்பில் லேசாகப் படியவிட்டு, ஒட்டும் நாடாவால் எடுத்து, வெள்ளைத் தாளில் ஒட்டிப் பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் பார்த்தேன். முழுதாகப் படிக்க முடியாத பெயரெழுத்துகள், நீள்வட்டத்துக்குள் ·925, கதிர்கள் சூழ்ந்த ஒரு மனித முகம், ஆங்கிலச் சிறிய ‘கே’ எழுத்து ஆகியவை தெரிந்தன. லண்டன் வெள்ளியில் எவரும் முதலில் தேடும், தரத்தைச் சொல்லும் நடக்கும் சிங்கமும் லண்டன் சோதனைக்கூடத்தைச் சொல்லும் சிறுத்தைத் தலையும் இல்லை.

அந்த எண்தான் வழி காட்டியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உள்நாட்டு ஸ்டெர்லிங் வெள்ளியின் (ஆயிரத்துக்கு 925 பங்கு தூய வெள்ளி) தரத்தைச் சிங்கமே சொல்லிவிடும் என்பதால், பிரிட்டிஷ் முத்திரை வரிசையில் தசம எண் வந்தாலே அது வெளிநாட்டுப் பொருளாகத்தான் இருக்க வேண்டும். வெளிநாட்டு வெள்ளியை பிரிட்டனில் விற்பதற்கு முன் சோதித்து முத்திரையிட வேண்டும் என்ற சட்டம் 1842லேயே வந்துவிட்டது. 1867 முதல் வழக்கமான முத்திரைகளோடு ‘எஃப்’ என்ற எழுத்தையும் சேர்த்தார்கள். சிங்கமும் கூடவே நின்றதால், அவசரமாகப் பார்ப்பவர் அதை உள்நாட்டுப் பொருள் என்றே எண்ணக்கூடும். 1904ஆம் ஆண்டுச் சட்டம், சோதனைக்கூடம் உள்ள நகரங்களுக்கு இறக்குமதிக்கென்றே தனிச் சின்னங்களை வகுத்தது. லண்டனுக்குச் சூரிய முகம், பர்மிங்காமுக்கு முக்கோணம், செஸ்டருக்கு இரண்டு இலைகளோடு ஓக் கொட்டை, ஷெஃபீல்டுக்குக் குறுக்கிட்ட அம்புகள், கிளாஸ்கோவுக்கு ஆயரின் தலையணி என்று அமைந்தன.

இவற்றுள் முக்கோணமும் ஓக் கொட்டையும் நீடித்தன; மற்ற மூன்றும் 1906இல் மாற்றப்பட்டன. லண்டனுக்குச் சிம்ம ராசிக் குறியும் ஷெஃபீல்டுக்குத் துலாம் ராசிக் குறியும் வந்தன. ஆகவே சூரிய முகம் ஏறத்தாழ இரண்டே ஆண்டு புழங்கிய சின்னம். பல கையேடுகளில் ஒரு சிறு படத்தோடு முடிந்துவிடும் அரிய சின்னமும்கூட. ஆண்டுதோறும் மாறும் லண்டன் ஆண்டெழுத்து வரிசையில் ‘கே’ 1905-06ஐக் குறிப்பதால் இரண்டும் பொருந்திவிட்டன.

அப்படியானால் அந்தப் பிரெஞ்சுக் கிரீடங்கள்? ஆண்டெழுத்து, பொருள் சோதனைக்கு வந்த ஆண்டைத்தான் சொல்லும், செய்யப்பட்ட ஆண்டை அல்ல; ஆகவே பழைய பொருளொன்று 1905இல் வந்திருக்கவும் கூடும் என்று விற்பவர்கள் வாதாடுவார்கள். வாதத்தில் பிழையில்லை. ஆனால் ஜெர்மனியின் ஹனாவ் நகரப் பட்டறைகள் அக்காலத்தில் பழைய பாணிப் பெட்டிகளைச் செய்து, பழைய பிரெஞ்சு முத்திரைகளைப் போன்ற போலிக் குறிகளையும் பதித்து, பிரிட்டனுக்குப் பெருமளவில் அனுப்பின. ஜெர்மனியில் 800 தரமே வழக்கமாக இருந்தும் இந்தப் பெட்டி 925 தரத்தில் இருப்பது, பிரிட்டிஷ் சோதனையைத் தாண்டுவதற்கென்றே அது செய்யப்பட்டது என்று எனக்குக் காட்டுகிறது.

முத்திரை அரிதென்பதற்காக விலை தாவி ஏறிவிடாது. வேலைப்பாட்டைத்தான் பெரும்பாலோர் பார்க்கிறார்கள். என் பதிவேட்டில் ‘ஹனாவ் பாணி, லண்டன் இறக்குமதி, 1905-06’ என்று எழுதி, பெயரெழுத்துகளைப் படிக்க முடியாததால் இறக்குமதியாளர் பெயருக்கான கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.