சமூகப் பணித் தேர்வில் பலர் தள்ளிவிடும் அலகு: பணியாளருக்காக யார் பேசுவது?

சமூகப் பணி முதுகலை படிக்கிறவர்கள் தேர்வு நெருங்கும்போது முதலில் எதைத் தள்ளிவைக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். தொழில்முறைச் சங்கங்கள், நெறிமுறை, மேற்பார்வை, பணியாளர் நலன் என்று கடைசியில் வருகிற அலகைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். கேஸ்வொர்க் (தனிநபரோடும் குடும்பத்தோடும் செய்யும் பணி), குழுப்பணி, சமுதாய அமைப்பாக்கம் எல்லாம் உண்மையான பாடம், இது ஆண்டுகளும் சுருக்கப் பெயர்களும் மட்டுமே உள்ள பாடம், முதல் நாள் இரவு ஒரு தடவை புரட்டினால் போதும் என்று ஒரு நினைப்பு. நான் இந்த அலகை முதலில் எடுத்துப் படித்தேன், இப்போது படிக்கிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன். மதிப்பெண்ணுக்கும் சரி, வேலைக்குப் போன பிறகு நாம் தாக்குப்பிடிப்பதற்கும் சரி, இதைப் போல உடனே கைகொடுக்கிற பகுதி வேறு எனக்குத் தெரியவில்லை.

நான் படித்த விதம் எளிது. எந்தத் தலைப்பை எடுத்தாலும் "இதில் பணியாளரின் பக்கம் நிற்பது யார்?" என்று ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே படித்தேன். அப்படிக் கேட்கத் தொடங்கியதும் தனித்தனியாகக் கிடந்த குறிப்புகள் தாமாகவே ஒன்று சேர்ந்தன.

முதலில் தெளிவாக வேண்டியது மூன்று அமைப்புகளுக்கு இடையே உள்ள வேறுபாடு. தொழில்முறைச் சங்கம், தொழிற்சங்கம், ஒழுங்குமுறை அமைப்பு. விடைத்தாளில் அதிகம் குழம்பும் இடம் இதுதான், "தொழில்முறைச் சங்கத்தின் பங்கு" என்று பத்து மதிப்பெண் கேள்வி வந்தால் மூன்றையும் கலந்து எழுதிவிடுகிறார்கள். ஒழுங்குமுறை அமைப்பு இருப்பது பொதுமக்களைக் காப்பதற்காக. பதிவு, உரிமம், தகுதி, புகார் விசாரணை எல்லாம் அதன் வேலை. உங்கள் மீது ஒரு புகார் வந்தால் அது உங்களுக்காகப் பேசாது, பேசவும் கூடாது, ஏனென்றால் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் அது இருக்கிறது. தொழில்முறைச் சங்கம் தொழிலின் தரம், நெறிமுறை, பயிற்சி, கொள்கை முடிவுகளில் தொழிலின் குரல் ஆகியவற்றைக் கவனிக்கிறது. தொழிற்சங்கம் சம்பளம், வேலை நேரம், ஒழுங்கு நடவடிக்கை போன்றவற்றில் முதலாளியோடு பேரம் பேசுகிறது. பிரிட்டனை எடுத்துக்கொண்டால் இது பளிச்சென்று புரியும்: பிரிட்டிஷ் சமூகப் பணியாளர் சங்கம் 1970இல் வந்தது, சமூகப் பணியாளர்களுக்கென்றே தனித் தொழிற்சங்கம் 2011இல் வந்தது, இங்கிலாந்துக்கான ஒழுங்குமுறை அமைப்பான சோஷியல் வொர்க் இங்கிலாந்து 2019 டிசம்பரில் பொறுப்பேற்றது. மூன்றும் தனித்தனி, மூன்றின் வேலையும் வேறு. இந்த ஒரு உதாரணத்தை விடையில் எழுதினாலே போதும், பாடம் புரிந்துதான் எழுதியிருக்கிறார் என்று திருத்துபவருக்குத் தெரிந்துவிடும்.

எல்லா நாட்டிலும் இந்த மூன்றும் இருப்பதில்லை. சில இடங்களில் சட்டப்படியான ஒழுங்குமுறை அமைப்பே கிடையாது, சங்கம் இருக்கும் ஆனால் உறுப்பினர்கள் குறைவாக இருப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் பணியாளரின் நிலை என்ன ஆகும் என்று நீங்களே யோசித்து நான்கு வரி எழுதுங்கள், அது மனப்பாடம் செய்த ஒரு பக்கத்தைவிட நன்றாக வரும்.

ஆண்டுகள் விஷயத்துக்கு வருவோம். தனித்தனியாக மனப்பாடம் செய்தால் தேர்வு அறையில் நிச்சயம் கலைந்துவிடும். கதையாக வைத்துக்கொள்ளுங்கள். 1915இல் அமெரிக்கக் கல்வியாளர் ஆப்ரகாம் ஃப்ளெக்ஸ்னர் பால்டிமோரில் நடந்த ஒரு சமூக நலப் பணி மாநாட்டில் சமூகப் பணி ஒரு தொழில்தானா என்று கேட்டு, முழுமையான தொழில் என்று சொல்ல முடியாது என்கிற மாதிரி முடித்தார். அந்தக் கேள்வி ஒரு தலைமுறையையே உசுப்பிவிட்டது. இரண்டே ஆண்டில், 1917இல், சமூகப் பணி முன்னோடி மேரி ரிச்மண்ட் கேஸ்வொர்க்குக்கு ஒரு முறையான அடித்தளத்தை எழுதி வெளியிட்டார். 1928இல் பாரிஸில் உலக அளவில் ஒரு நிரந்தரச் செயலகம் உருவாகி இரண்டாம் உலகப் போர் வரை இயங்கியது, அதன் தொடர்ச்சியாகத்தான் 1956இல் மியூனிக்கில் சர்வதேசச் சமூகப் பணியாளர் கூட்டமைப்பு பிறந்தது. அமெரிக்காவில் சிதறிக் கிடந்த ஏழு அமைப்புகள் சேர்ந்து 1955இல் தேசியச் சமூகப் பணியாளர் சங்கம் ஆயின, 1960இல் அது முதல் நெறிமுறைத் தொகுப்பை ஏற்றது. இதற்கு நடுவில் 1957இல் அமெரிக்கப் பேராசிரியர் எர்னஸ்ட் கிரீன்வுட் ஒரு தொழிலுக்கு இருக்க வேண்டிய ஐந்து பண்புகளைச் சொன்னார்: முறையான கோட்பாட்டு அறிவு, தொழில்முறை அதிகாரம், சமூகத்தின் அங்கீகாரம், நெறிமுறை, தொழிலுக்கென ஒரு பண்பாடு. அந்த அளவுகோலில் சமூகப் பணி ஒரு தொழில்தான் என்பது அவர் முடிவு. ஃப்ளெக்ஸ்னர் கேட்டதற்குக் கிரீன்வுட் பதில் சொன்னார் என்று இணைத்துவிட்டால் இடையில் உள்ள ஆண்டுகள் மறக்காது. அப்புறம் சர்வதேச அளவில் 2014 மெல்போர்னில் சமூகப் பணிக்கான உலகளாவிய வரையறை, 2018 டப்ளினில் சமூகப் பணி நெறிமுறைக் கோட்பாடுகளின் அறிக்கை.

இந்தக் கதையில் பாடக்குறிப்புகள் இரண்டு வரியில் கடந்துபோகிற ஒரு கட்டம் உண்டு, அதில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். 1930களின் பெருமந்தக் காலம். அமெரிக்காவில் வேலை இழந்த குடும்பங்கள் நிவாரண அலுவலக வாசலில் குவிகின்றன, உள்ளே இருக்கும் பணியாளர்களோ மிகக் குறைந்த சம்பளத்தில் தலைக்கு மேல் கேஸ்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள். மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நெருக்கடி என்பதை உணர்ந்த கீழ்மட்டப் பணியாளர்கள் தொழிற்சங்கங்களாகத் திரண்டார்கள், ரேங்க் அண்ட் ஃபைல் இயக்கம் என்று அதைச் சொல்வார்கள். பெர்த்தா கேப்பன் ரெனால்ட்ஸ் போன்ற மதிப்புமிக்க ஆசிரியர்கள் அவர்களோடு நின்றார்கள். பணியாளரின் நலனும் பயனாளியின் நலனும் எதிரெதிரானவை அல்ல என்ற வாதம் நடைமுறையில் வலுவாக எழுந்தது இங்கேதான் என்பது என் கருத்து. இதற்குச் சற்று முன்பு, 1929இல், அமெரிக்கச் சமூகப் பணிக் கல்வியாளர் போர்ட்டர் லீ, சமூகப் பணி ஒரு லட்சியத்துக்கான போராட்டமாக இருந்து, நிறுவனங்களுக்குள் நடக்கும் அன்றாடச் செயல்பாடாக மாறிவருவதைப் பேசியிருந்தார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து எழுதினால் விடைக்கு ஒரு ஆழம் வரும்.

அட்வகசி (பிறருக்காகக் குரல் கொடுப்பது) பற்றிய கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வரும் என்று எதிர்பார்த்தே படியுங்கள். எல்லோரும் இரண்டு வகையை எழுதுவார்கள்: ஒரு தனிநபருக்காகவோ குடும்பத்துக்காகவோ பேசுவது கேஸ் அட்வகசி, ஒரே பிரச்சினையில் சிக்கியிருக்கும் பலருக்காகச் சட்டத்தையோ விதியையோ மாற்றப் பேசுவது காஸ் அட்வகசி. சரிதான், ஆனால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். பணியாளர்களுக்காகப் பேசுவதும் இந்தப் பாடத்தின் ஒரு பகுதி. குழந்தைகள் பாதுகாப்பில் இருக்கும் ஒரு பணியாளரை நினைத்துக்கொள்ளுங்கள், அவரிடம் சமாளிக்கக்கூடிய அளவைவிட இரண்டு மடங்கு குடும்பங்கள். அவர் ஒரு வீட்டுக்குப் போக வேண்டிய நாளில் வேறொரு வீட்டு அவசரத்துக்கு ஓடுகிறார். தவறிப்போன அந்த வருகையில் ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆனால் விசாரணை அந்தப் பணியாளர் பெயரில் நடக்கும், கேஸ்களை அவர் தலையில் குவித்த ஏற்பாடு பற்றிப் பேச்சே எழாமல் போகலாம். கேஸ் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு கேட்பது பணியாளரின் சௌகரியத்துக்காக மட்டும் என்று யாராவது சொன்னால் இந்த உதாரணத்தைச் சொல்லுங்கள்.

இந்தக் கேள்விக்கு வெறும் கருத்தாக எழுதாமல் நடவடிக்கையாக எழுதுங்கள். என்ன ஆதாரம் திரட்டுவீர்கள் (கேஸ் எண்ணிக்கை, கூடுதல் நேரம், தள்ளிப்போன வருகைகள், வேலையை விட்டுப் போனவர்கள்), அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, திட்டவட்டமாக என்ன கேட்கிறீர்கள், யாரைச் சேர்த்துக்கொள்வீர்கள், மறுத்தால் அடுத்து எங்கே போவீர்கள். பயனாளிகளின் விவரங்களை வெளிப்படுத்தாமல் இதை எப்படிச் செய்வீர்கள் என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

வேலைநிறுத்தம் பற்றிய கேள்வி வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், என்னிடம் வந்தது. சமூகப் பணியாளர் போராட்டத்தில் இறங்கினால் பயனாளிகள் என்ன ஆவார்கள் என்று கேட்டார்கள். பலர் இங்கே "நெறிமுறைப்படி கூடாது" என்று சொல்லிவிடுகிறார்கள். அமெரிக்கச் சங்கத்தின் நெறிமுறைத் தொகுப்பு அப்படிச் சொல்லவில்லை. பயனாளிகளுக்கான சேவையையும் வேலைச் சூழலையும் மேம்படுத்த, தொழிற்சங்கம் அமைப்பது உட்பட, கூட்டு நடவடிக்கையில் பணியாளர்கள் ஈடுபடலாம் என்று அது வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. போராட்டத்தில் இறங்குவதற்கு முன் அதனால் பயனாளிகளுக்கு ஏற்படும் பாதிப்பைக் கவனமாக ஆராய வேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொன்னேன், அவசரக் கேஸ்களுக்கு யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே ஏற்பாடு செய்வதையும் சேர்த்தேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

மேற்பார்வைக்கு, அமெரிக்கச் சமூகப் பணிப் பேராசிரியர் ஆல்ஃபிரட் கடூஷின் சொன்னது போதும்: நிர்வாகம், கல்வி, ஆதரவு என்று மூன்று பணிகள். இதை உங்கள் களப்பணியோடு சேர்த்துப் படியுங்கள். எனக்குக் கிடைத்த ஒரு களப்பணி இடத்தில் மேற்பார்வை என்றால் அறிக்கையில் கையெழுத்துப் போடுவது மட்டும்தான், தேதி சரியா, மணிக்கணக்கு சரியா என்று பார்ப்பார்கள், முடிந்தது. இன்னொரு இடத்தில், ஒரு மரணச் செய்தியைக் குடும்பத்துக்குச் சொல்லும்போது கூட இருந்துவிட்டு வந்த அன்று, மேற்பார்வையாளர் அறிக்கையைக் கையில் வாங்கவே இல்லை, முதலில் உட்கார வைத்துப் பேசினார், அந்த அறையில் நான் கவனித்தது என்ன, எனக்குள் என்ன ஓடியது, அடுத்த முறை என்ன வேறுமாதிரி செய்யலாம் என்று. முதல் இடத்தில் நிர்வாகப் பணி மட்டும் நடந்தது, இரண்டாவதில் கல்வியும் ஆதரவும் நடந்தன. "உங்கள் மேற்பார்வையாளர் உங்களுக்கு என்ன செய்தார்?" என்று வைவாவில் கேட்டபோது இப்படித்தான் வகைப்படுத்திச் சொன்னேன். உங்கள் களப்பணிக் குறிப்பேட்டிலிருந்தே ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்வை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நிறுவனத்தின் பெயரோ பயனாளியின் பெயரோ வேண்டாம்.

பர்ன்அவுட் (வேலை அழுத்தத்தால் வரும் முழுச் சோர்வு) பகுதியில் சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். 1974இல் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் இதைப் பற்றி எழுதினார், இன்னொரு உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் அதை மூன்று கூறுகளாக அளந்தார்: உணர்வுச் சோர்வு, மனிதர்களிடமிருந்து விலகிப்போதல், எதையும் சாதிக்கவில்லை என்ற எண்ணம். பிறரின் பேரதிர்ச்சியைத் தொடர்ந்து கேட்பதால் நம் உலகப் பார்வையே மாறிப்போவதை 1990இல் மெக்கேன், பெர்ல்மன் என்ற இரு உளவியலாளர்கள் விகேரியஸ் டிராமடைசேஷன் என்ற பெயரில் விளக்கினார்கள். அது வேறு விஷயம், கேஸ் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் வரலாம்.

இந்த விடையை "யோகா செய்ய வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும்" என்று முடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தன்னைக் கவனித்துக்கொள்வது அவசியம்தான், 2018 டப்ளின் அறிக்கையே அதைப் பணியாளரின் கடமையாகச் சொல்கிறது, அமெரிக்கத் தொகுப்பிலும் 2021 திருத்தத்தில் அது சேர்ந்தது. ஆனால் ஆள் பற்றாக்குறை, மேற்பார்வை இல்லாமை, தனியாக ஆபத்தான வீடுகளுக்குப் போகச் சொல்வது ஆகியவற்றைத் தனிமனிதரின் தூக்கம் சரிசெய்யாது. உலகச் சுகாதார நிறுவனமும் பர்ன்அவுட்டைச் சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்றுதான் வரையறுக்கிறது. விடையின் பாதியாவது நிறுவனம் என்ன செய்ய வேண்டும் என்பதற்குப் போகட்டும்.

"முதலில் என்ன செய்வீர்கள்?" வகைச் சூழல் கேள்விகளில் ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். உயிருக்கு ஆபத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் அதுதான் முதல் வேலை. இல்லையென்றால் மேற்பார்வையாளரிடம் கலந்து பேசுவது, நெறிமுறைத் தொகுப்பைப் பார்ப்பது, சங்கத்தின் ஆலோசனையைக் கேட்பது, செய்ததைப் பதிவு செய்வது என்று எழுதலாம். பதிவைப் பலர் விட்டுவிடுகிறார்கள், நாளைக்கு உங்களைக் காப்பாற்றப்போவது அந்தக் கேஸ் ரெக்கார்டுதான்.

படிக்கும்போதே ஒரு சங்கத்தில் மாணவர் உறுப்பினராகச் சேர்ந்துவிடுங்கள். பல சங்கங்களில் மாணவர்களுக்குக் கட்டணம் குறைவு. உங்கள் பகுதியில் சங்கம் உயிரோடு இல்லையென்றால், படித்து முடித்துப் போன சீனியர்கள் நான்கைந்து பேரைச் சேர்த்து மாதம் ஒரு முறை கேஸ்களைப் பேசுகிற ஒரு குழுவைத் தொடங்குங்கள், எங்கள் வகுப்பில் அப்படித் தொடங்கிய குழு இப்போதும் நடக்கிறது. முதல் வேலையில் சேரும் முன் நியமனக் கடிதத்தோடு மூன்று கேள்விகளுக்கும் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்: எத்தனை கேஸ்கள் தருவார்கள், மேற்பார்வை எப்போது, யாரிடம், தனியாக வீட்டுக்குப் போகும்போது பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு.