லேசான சிவப்பு

"நோயே அந்தச் செல்களை உடைச்சிருந்தா, அக்கா?"

கேட்டது என்னோடு வேலை செய்யும் ஆய்வு மாணவி. நோயைக் காட்டிக்கொடுக்கக்கூடிய புரோட்டீன்களை அவள் பட்டியலிட்டிருந்தாள். அதன் முதல் இரண்டு வரிகளை நான் அப்போதுதான் அடித்து நீக்கியிருந்தேன்: பெராக்ஸிரெடாக்ஸின்-2, கார்பானிக் அன்ஹைட்ரேஸ்-1. நாற்பது நோயாளிகளின் பிளாஸ்மாவில், அதாவது அணுக்களை நீக்கிய ரத்தத் திரவத்தில், இரண்டுமே நன்றாக ஏறியிருந்தன. ஒப்பிட எடுத்த, அந்த நோயில்லாத நாற்பது கன்ட்ரோல்களில் ஏறவில்லை. பல மாத உழைப்பில் அவள் கண்ட மிகத் தெளிவான வித்தியாசம் அதுதான்.

"ட்யூபுக்குள்ள உடைஞ்சதும்மா. பேப்பர்ல இதைப் போட்டு அனுப்பினா ரிவ்யூவர் சிரிப்பார்" என்றேன். இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

அடித்ததற்குக் காரணம் இருந்தது. இரண்டுமே சிவப்பணுவுக்குள் நிறைந்து கிடக்கும் புரோட்டீன்கள். ரத்தம் எடுக்கும் ஊசி மெல்லியதாக இருந்தாலோ, ட்யூபைக் குலுக்கிவிட்டாலோ, சுழற்றத் தாமதமானாலோ அணுக்கள் உடைந்து வெளியே வந்துவிடும். கன்ட்ரோல் ரத்தம் எங்கள் அறைக்குப் பக்கத்திலேயே எடுக்கப்பட்டு அணுக்களைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜுக்கு நேராகப் போனது. நோயாளிகளின் ட்யூப்கள் வார்டிலிருந்து யாராவது கொண்டுவரும்வரை காத்துக் கிடந்தன. வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பார்த்தால் கன்ட்ரோல் வைக்கோல் மஞ்சளாக இருந்தது, நோயாளிகளுடையதில் பாதிக்கு லேசான சிவப்பு. கண்ணுக்குத் தெரியாத சிவப்பும் புரோட்டீன்களை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குத் தெரியும்.

பிளாஸ்மா புரோட்டீனின் எடையில் சுமார் பாதி ஆல்புமின் மட்டுமே. அதிகமாக இருக்கும் இருபது புரோட்டீன்களைக் கழித்தால் மிஞ்சுவது ஒரு சதவீதம்தான். நோயுற்ற திசுவிலிருந்து கசிந்து வருவதை அந்த ஒரு சதவீதத்துக்குள்தான் தேடுகிறோம். அங்கே கொஞ்சம் சிவப்பணு உடைந்தாலும் போதும், அதையே மார்க்கர், அதாவது நோயின் அடையாளம், என்று நம்பிவிடலாம். 2002இல் சினைப்பைப் புற்றுநோயைச் சீரத்தின் புரோட்டீன் கோலத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்று லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஐம்பது புற்றுநோயாளிகளில் ஐம்பது பேரையும் சரியாகச் சொன்னார்கள். பிறகு புள்ளியியலாளர்கள் அந்தத் தரவைப் பிரித்துப் பார்த்து, சாம்பிள்களை ஓட்டிய விதமே வித்தியாசத்தை உண்டாக்கியிருக்கலாம் என்று காட்டினார்கள். நான் வளர்ந்தது அந்தப் பயத்தில்.

சரி. ஆனால் அவள் கேட்டது வேறு கேள்வி, அதற்கான பதிலை எங்கள் தரவிலேயே தேடியிருக்கலாம். உடம்புக்குள் சிவப்பணு உடைந்தால், வெளிவரும் ஹீமோகுளோபினை ஹாப்டோகுளோபின் என்ற பிளாஸ்மா புரோட்டீன் பற்றிக்கொள்ளும். அந்த ஜோடியை மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கும் செல்கள் விழுங்கிவிடுவதால் ஹாப்டோகுளோபின் குறையும். ட்யூபுக்குள் விழுங்க ஆளில்லை. நாங்கள் டிரிப்சின் என்ற நொதி புரோட்டீன்களை வெட்டிய துண்டுகளைத்தான் எண்ணுகிறோம் என்பதால், ஜோடி சேர்ந்தாலும் கணக்குக் குறையாது. ஆல்புமினை நீக்காமல் முழுப் பிளாஸ்மாவை ஓட்டியிருந்தோம், ஹாப்டோகுளோபின் ஒவ்வொரு சாம்பிளிலும் இருந்தது. பத்து நிமிட வேலை. எனக்கு அது தோன்றியதே இரண்டு வாரம் கழித்து, அவள் வீட்டுக்குப் போன பிறகு ஒரு மாலையில்.

நோயாளிகள், கன்ட்ரோல்கள் இரு பக்கமும் ஹாப்டோகுளோபின் ஏறக்குறைய ஒரே அளவு. அப்பாடா என்று இருந்தது. ஃபைலை மூடப் போனபோது, அழற்சியில் ஏறும் புரோட்டீனான சிஆர்பி கண்ணில் பட்டது. நோயாளிகளுக்கு அது ஏறியிருந்தது, அதாவது அழற்சி இருக்கிறது. அழற்சியில் ஹாப்டோகுளோபினும் ஏற வேண்டும். ஏறவில்லை. ஏறியதும் குறைந்ததும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டதா? அப்படியும் சொல்லிவிட முடியாது. ஹாப்டோகுளோபின் மரபு வகையைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும், நாற்பது பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது. புதிதாக, இரு பக்கமும் ஒரே மாதிரி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்குக் காரணம் சொல்லித்தான் கேட்க முடியும். காரணம் அந்த இரண்டு வரிகள், அடித்தது நான்.

அந்த ஹாப்டோகுளோபின் கணக்கை அவளிடம் இன்னும் காட்டவில்லை. அவள் இப்போது பட்டியலின் நான்காவது புரோட்டீனின் பின்னால் போய்க்கொண்டிருக்கிறாள். நேற்று ஒரு ட்யூபை வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்து, "இதுவும் சிவப்பு. தூக்கிப் போட்டுடவா, அக்கா?" என்றாள்.

"போட்டுடு" என்றேன்.