வேலியோரம் வேண்டாம்

2024 ஏப்ரல் 20, ஸ்காபரோ, கனடா
பனி கரைந்துவிட்டது. ஹெரிடேஜ் இன ராஸ்பெரிக் கன்றுகள் ஐந்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்; இரண்டு கிழமையில் வரும். இன்னும் இடம் முடிவாகவில்லை. எங்கள் பின்வளவில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் வெயில் விழும் பாத்தி ஒன்றுதான், போன மூன்று வருடமும் தக்காளியும் கத்தரியும் நின்றது. மண்ணும் அங்கேதான் நல்லது. ஆனால் அவற்றுக்கு வரும் வெர்ட்டிசிலியம் வாடல் நோய் மண்ணிலேயே தங்கும், ராஸ்பெரியையும் பிடிக்கும். மனமில்லாமல் கைவிட்டேன்.

அடுத்தது, கூரைத் தண்ணீர் வந்து இறங்கும் மூலை. பின்னேரம் ஓரடிக் கிடங்கு வெட்டித் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 21
விடிய எழும்பிப் பார்த்தால் பாதித் தண்ணீர் அப்படியே நிற்கிறது. களிமண். நின்ற தண்ணீரில் ராஸ்பெரி வேர் அழுகிவிடும். சரி, வேலியோரம்தான்.

ஏப்ரல் 27
வேலியோரம் என்றதும் அம்மா, "உது குட்டி போடுமே, தம்பி?" என்று கேட்டார்.

போடும் என்றேன்.

"அப்ப அங்கால போகாதே?"

ஊரில் வேலி தாண்டிய வாழைக்குட்டியின் குலை யாருக்கு என்று பெரியப்பாவும் பக்கத்து வளவுக்காரரும் ஒரு வருடம் முகம் பார்க்காமல் இருந்தவர்கள். வாழைக்குட்டியாவது தாயை ஒட்டி நிற்கும். ராஸ்பெரி வேரை மேல்மண்ணில் ஓடவிட்டு, மூன்று நாலு அடி தள்ளியும் எழும்பும். செடி எங்கே நிற்கும் என்றே இவ்வளவு நாளும் யோசித்திருக்கிறேன், குட்டி எங்கே போகும் என்று யோசிக்கவில்லை.

மே 4
புல்தரையின் நடுவே, வடக்குத் தெற்காக ஒரு வரிசை. அங்கே நின்ற காட்டுச் செடியை வெட்டியதும் வெயிலும் கிடைத்தது. எட்டு அங்குலம் மண் உயர்த்தி, கொம்போஸ்ட் கலந்து, இரண்டடிக்கு ஒன்றாக நட்டேன். இரண்டு பக்கமும் புல்லு வெட்டும் மெஷின் ஓடும். ஒன்றரை அடி அகலத்துக்கு வெளியே தலைகாட்டும் குட்டி புல்லோடு போகும். தெற்கு முனையில் அம்மாவின் வெந்தயக்கீரைப் பாத்தி, அங்கே மெஷின் போகாது. அதனால் அந்தப் பக்கம் மட்டும் ஒன்றரை அடி ஆழத்துக்குக் கனத்த பிளாஸ்டிக் தகடு இறக்கினேன். இடுப்பு விட்டுப் போயிற்று.

செப்டெம்பர் 14
அந்த வருடத் தண்டின் நுனியிலேயே காய்க்கும் இனம் இது. ஒரு கைப்பிடி பழம். நான் பார்க்கமுன்பே பாதி போய்விட்டது.

2025 மார்ச் 29
எல்லாத் தண்டையும் நிலத்தோடு வெட்டினேன். அம்மா பதறிவிட்டார். அடித்தண்டை விட்டிருந்தால் கோடையிலும் கொஞ்சம் காய்த்துவிட்டுச் சாகும்; எனக்கு இலையுதிர்காலப் பழம் போதும். "குலை வெட்டின வாழையை விட்டு வைப்பியளே?" என்றேன். பதில் இல்லை.

ஜூன் 7
புல்லில் பதினொரு குட்டி, எல்லாம் மெஷினுக்குப் போயின. வெந்தயத்துக்குள் இரண்டு! தகட்டின் நீளம் போதவில்லை, வேர் முனையைச் சுற்றி வந்திருக்கிறது. இரண்டடி நீட்டவேண்டும்.

வேரோடு கிண்டி எடுத்துக் குப்பைக்கு வைத்திருந்தேன். பின்னேரம் பார்த்தால் காணோம். அம்மா வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டார். அவர் வேலியோரம் நட்டிருக்கிறார்.