நக்கிச் சிவந்த பாதங்கள்

கால்நடை மருத்துவராகப் பணியில் சேர்ந்த புதிதில், நாயைக் கொண்டுவருபவர்களிடம் ‘அரிப்பு இருக்கிறதா?’ என்று கேட்பேன். பெரும்பாலும் ‘இல்லை’ என்றே பதில் வரும். அவர்கள் மறைக்கவில்லை. பின்னங்காலால் பரபரவென்று சொறிவதை மட்டுமே அவர்கள் அரிப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். பாதத்தை நக்குவதும், முகத்தைத் தரையில் தேய்ப்பதும், நடு இரவில் காதைப் படபடவென்று உதறுவதும் அவர்களுக்கு நாயின் பழக்கங்களாகவே தெரிகின்றன. இது எனக்கு விளங்குவதற்குள் ஒரு நாய் தேவையில்லாமல் வேதனைப்பட்டது.

மதுரையில் பணியாற்றியபோது வந்த இரண்டு வயது லாப்ரடார் அது. ஆறு மாதத்தில் மூன்றாவது முறையாகக் காது வலியோடு வந்திருந்தது. காதுக்குள் பழுப்பு நிற அழுக்கும், புளித்த மாவைப் போன்ற வாடையும் இருந்தன. முந்தைய இரண்டு முறையும் சொட்டு மருந்து கொடுத்தேன். ஆறியது, திரும்பவும் வந்தது. மூன்றாம் முறை காதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அது முன்னங்காலைத் தூக்கி என் கைமேல் வைத்தது. வெளிர் நிறப் பாதத்தில் விரலிடுக்கு முடி மட்டும் துருவேறியதுபோல் சிவந்திருந்தது. ஓயாமல் நக்கும்போது உமிழ்நீரில் உள்ள நிறமி முடியில் படிவதால் உண்டாகும் கறை அது. முடியை விலக்கினால், அடியில் தோல் சிவந்து ஈரமாக இருந்தது. “அது குட்டியிலிருந்தே அப்படித்தான் டாக்டரம்மா, சும்மா படுத்திருந்தா காலை நக்கிக்கிட்டே இருக்கும்” என்றார் அந்த வீட்டு அம்மா. இரண்டு முறையும் நான் காதை மட்டுமே பார்த்திருந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது.

காதின் உட்புறமும் தோல்தான். ஒவ்வாமையால் அங்கே அழற்சி ஏற்பட்டால், இயல்பாகவே அங்கு வாழும் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகிவிடுகின்றன. நாம் கிருமியை அழிக்கிறோம். அதற்கு இடம்கொடுத்த ஒவ்வாமை அப்படியே இருக்கிறது. தூசு, மகரந்தம் போன்றவற்றால் வரும் ஒவ்வாமை பெரும்பாலும் ஆறு மாதத்திற்கும் மூன்று வயதிற்கும் இடையில் தலைகாட்டும். பாதம், முகம், காது, அக்குள், அடிவயிறு ஆகிய இடங்களைப் பிடிக்கும். உணவு ஒவ்வாமையும் ஏறத்தாழ இதே இடங்களில்தான் தெரியும் என்பதால், தோலைப் பார்த்து மட்டும் இரண்டையும் பிரித்துவிட முடியாது. தெள்ளுப்பூச்சி ஒவ்வாமையோ வாலின் அடியிலும் இடுப்பிலும் முடியைக் கடித்துப் பிய்க்க வைக்கும். அந்தப் பூச்சியின் உமிழ்நீரே காரணம் என்பதால் சில கடிகளே போதும். பூச்சி கண்ணில் படாமலும் போகலாம். முடியிலிருந்து உதிரும் கரும்பொடியை ஈரப் பஞ்சில் வைத்துப் பார்ப்பேன். செந்நிறமாகக் கரைந்தால் அது பூச்சியின் எச்சம், அதாவது செரித்த இரத்தம்.

அந்த லாப்ரடாரின் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துச் சொறிப்பூச்சி எதுவும் தென்படவில்லை என்று கண்டுகொண்டு, தெள்ளுப்பூச்சிக்கும் மருந்து கொடுத்த பின், உணவுச் சோதனையைத் தொடங்கினோம். கோழியும் சோறும் தின்று வளர்ந்த நாய்க்கு, அது அதுவரை தின்றிராத மீனும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் மட்டும், எட்டு வாரம். ‘ஒரு ஊசி போட்டால் போதாதா?’ என்று கேட்டார்கள். ஸ்டீராய்டு ஊசி அரிப்பை அடக்கும். ஆனால் காரணத்தைச் சொல்லாது, திரும்பத் திரும்பப் போட்டால் உடலுக்குக் கேடும் செய்யும் என்று விளக்கினேன். ஐந்தாம் வாரம் பாதம் மீண்டும் சிவந்தது. விசாரித்தபோது, அந்த வீட்டுப் பாட்டி தினமும் காலையில் தன் பிஸ்கட்டில் பாதியைப் பாலில் தோய்த்து அதற்குக் கொடுத்துவந்தது தெரிந்தது. அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. முதல் நாள் அவரையும் அழைத்துப் பேசாதது என் தவறு. கணக்கை மறுபடி முதல் வாரத்திலிருந்து தொடங்கினோம்.

இம்முறை எட்டு வாரம் முடியும்போது விரலிடுக்கின் ஈரம் காய்ந்து, முடியின் அடிப்பகுதி வெளிர் நிறத்தில் வளர்ந்திருந்தது. பிறகு கோழியை மட்டும் மீண்டும் கொடுத்துப் பார்த்தோம். நான்காம் நாள் இரவு காதை உதறும் சத்தம் கேட்டதாகப் பாட்டியே தொலைபேசியில் சொன்னார். கோழியை நிறுத்தினோம். இப்போதெல்லாம் காலையில் பாட்டி பிஸ்கட் சாப்பிடும் நேரத்தில், அதற்கென்று வேகவைத்த ஒரு துண்டு கிழங்கு தனிக் கிண்ணத்தில் காத்திருக்கிறது.