பத்து மணிக்கும் நாலு மணிக்கும் நடுவே முப்பது மீட்டர்

உயரமும் வானிலையும் காட்டும் வாட்சை மதுரையில் வாங்குகிறவர்கள் எல்லோரும் சீக்கிரமே ஒரே கேள்விக்குத்தான் வந்து நிற்பார்கள். கே.புதூரில் இருக்கும் தம்பி ஒருவன், எங்களோடு மலைக்கு வருகிறவன், போன வாரம் போன் செய்தான். "அண்ணே, சென்சார் போச்சுண்ணே. காலையில பத்து மணிக்குச் சரியா செட் பண்ணேன். வீட்டை விட்டு நகரவே இல்ல. நாலு மணிக்குப் பார்த்தா முப்பது மீட்டர் ஏறிட்டேன்னு காட்டுது. திருப்பிக் கொடுத்துரவா?"

"வேணாம் தம்பி, சென்சார் நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

வாட்சுக்கு உயரம் நேரடியாகத் தெரியாது. அதற்குத் தெரிவது காற்றழுத்தம் மட்டும்தான். நம் ஊர் உயரத்தில் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால், சுமார் எட்டரை மீட்டர் ஏறிவிட்டதாக அது கணக்குப் போடும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நம் பகுதியில் காற்றழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். காலை பத்து மணி, இரவு பத்து மணி வாக்கில் உச்சம். மாலை நாலு, விடிகாலை நாலு வாக்கில் பள்ளம். கடல் ஏறி வடிகிற மாதிரி, சூரிய வெப்பம் மேல் வளிமண்டலத்தை ஆட்டுவதால் காற்றில் வருகிற ஓதம் இது. காலை உச்சத்துக்கும் மாலைப் பள்ளத்துக்கும் மூன்று, நான்கு ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் சாதாரணமாக இருக்கும். தம்பியின் முப்பது மீட்டர் அங்கிருந்துதான் வந்தது.

வாட்சை ஒரு நாள் முழுக்கக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, திரையில் அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் அந்தச் சின்னப் புள்ளிக் கோட்டைப் பாருங்கள். ஒட்டகத்தின் முதுகு மாதிரி இரண்டு திமில் தெரியும். எனக்கு அந்தக் கோட்டை எத்தனை முறை பார்த்தாலும் சலிப்பதில்லை. நம் தலைக்கு மேல் இருக்கிற மொத்தக் காற்றும் அசைவதை ஒரு விரல் அகலத் திரையில் பார்க்கிறோம்.

வெயில், மேகம், மழை என்று வாட்ச் போடும் வானிலைப் படத்தை நம்பாதீர்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான். ஐரோப்பா போன்ற குளிர் நாடுகளில் இந்த ஓதம் மிகச் சிறியது. அங்கே அழுத்தம் இறங்கினால் பெரும்பாலும் மழைதான் வருகிறது. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இங்கே வாட்ச் பிற்பகலானால் மேகப் படம் போடும். சித்திரை, வைகாசியில் சாயங்காலம் இடி இடித்துக் கொட்டும் மழைக்கோ, அழுத்தத்தில் முன்கூட்டியே பெரிதாக எந்த அடையாளமும் இருக்காது. அதற்கு மேற்கே மேகம் கட்டுகிறதா என்று பார்ப்பதே மேல்.

மலை ஏறும்போது வேறொரு சிக்கல். கடல் மட்டத்தில் 15 டிகிரி, ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்பதுதான் வாட்ச் வைத்திருக்கும் கணக்கு. வத்தலக்குண்டில் வெயில் 36 டிகிரியில் நிற்கும் நாளில் அது எப்படிப் பொருந்தும்? சூடான காற்று விரிந்திருக்கும், அதனால் மேலே போகப்போக அழுத்தம் மெதுவாகவே குறையும். அடிவாரத்தில் செட் செய்துவிட்டுக் கொடைக்கானல் போனால், 1800 மீட்டர் ஏற்றத்தில் நூறு மீட்டருக்கு மேல் குறைத்தே காட்டும்.

வழியில் உயரம் தெரிந்த இடங்களில் எல்லாம் திரும்பச் செட் செய்வதுதான் இதற்கு மருந்து. கொடை ரோடு ஸ்டேஷனின் மஞ்சள் பலகையில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பார்கள், அங்கே ஒரு முறை. மேலே சூரிய ஆய்வகம் 2343 மீட்டரில் இருக்கிறது, அங்கே இன்னொரு முறை.

வெப்பநிலை பற்றி ஒன்றே ஒன்று. கையில் கட்டியிருக்கும்போது அது காட்டுவது தோலின் சூட்டுக்கும் காற்றின் சூட்டுக்கும் நடுவில் ஏதோ ஓர் எண். கழற்றி நிழலில் அரை மணி நேரம் தொங்கவிட்ட பிறகு பாருங்கள்.

அப்புறம், நம் ஊர் வியர்வை. வாட்சின் பக்கவாட்டிலோ அடியிலோ இருக்கும் சின்னத் துளைகளில் உப்பும் தூசியும் சேர்ந்து அடைத்துக்கொண்டால், ஏறினாலும் இறங்கினாலும் எண் அப்படியே நிற்கும். வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் அலசிக் காய விட்டாலே போதும். ஊசி விட்டு நோண்டக் கூடாது, உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் இந்த வாட்ச் ஐப்பசி, கார்த்திகையில் எனக்கு உண்மையாகவே உதவுகிறது. காலைக்கும் மாலைக்கும் ஒப்பிடாமல், இன்று காலை பத்து மணி அழுத்தத்தை நேற்றுக் காலை பத்து மணி அழுத்தத்தோடு ஒப்பிடுங்கள். அப்போது ஓதம் கழிந்துபோகும். வானிலைத் துறையிலும் இந்த 24 மணி நேர வித்தியாசத்தைப் பார்ப்பது வழக்கம்தான். திமில் இரண்டும் அப்படியே இருக்க, கோடு மட்டும் நாளுக்கு நாள் மொத்தமாகத் தாழ்ந்தால், வங்கக் கடலில் ஏதாவது தாழ்வு நிலை இருக்கிறதா என்று வானிலை அறிக்கையை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் நான் சிறுமலைக்குக் கிளம்புவேன்.